குளிர்காலம் முழுக்க வெளியே நிற்கப்போகும் ஸ்கூபா சிலிண்டர்

டைவிங் சீசன் முடிந்து வெட்சூட்டைக் காயப்போட்டு மடித்தாயிற்று. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது, தண்ணீருக்கடியில் சுவாசிக்கக் காற்றை அழுத்தி அடைத்த சிலிண்டர்தான். ஒன்று என்றால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இரண்டு மூன்று என்றால் வீட்டில் உள்ளவர்களின் முகம் மாறும். அப்புறம் அது கொல்லைப்புறத்துக்கோ, கார் நிறுத்தும் கொட்டகைக்கோ, கூரை மட்டும் உள்ள தாழ்வாரத்துக்கோ போகும். உறைபனி விழும் இடமென்றால் கூடவே ஒரு பயமும் வரும்: உறைந்து விரிசல் விட்டுவிடாதா, வெடித்துவிடாதா?

அந்தப் பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. குளிரில் தண்ணீர்க் குழாய் வெடிப்பதைப் பார்த்திருப்போம், அதனால் வரும் பயம் அது. குழாய் வெடிப்பதற்குக் காரணம், அதில் நிறைந்திருக்கும் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடுவது. சிலிண்டருக்குள் இருப்பது காற்று. சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் திரவமாவதற்கே மைனஸ் 183 டிகிரி வேண்டும், நைட்ரஜனுக்கு மைனஸ் 196. நம் கொல்லையில் அந்தக் குளிர் வராது. உலோகத்துக்கும் கவலை இல்லை. அலுமினியம் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறுவதில்லை. எஃகு சிலிண்டர்களுக்குப் பயன்படும் குரோம்-மாலிப்டினம் எஃகும் வழக்கமான உறைபனிக் குளிரைத் தாங்கும். மைனஸ் 40-ஐத் தொடும் இடத்தில் இருப்பவர்கள் மட்டும் தயாரிப்பாளர் சொல்லும் கீழ் எல்லை என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலிண்டரைக் கெடுப்பவை மூன்று: ஈரம், உப்பு, கீழே விழுவது. குளிர்காலம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவருகிறது. கீழே சொல்லும் வேலை எல்லாமே இவற்றுக்காகத்தான்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே. காய்ந்த, சூடு ஏற்றாத, பூட்டக்கூடிய அறை ஒன்று கிடைக்குமானால் அங்கேயே வையுங்கள். வெளியே வைப்பது இரண்டாவது வழி. ஒழுங்காகச் செய்தால் மோசமான வழி இல்லை. அழுத்தக் காற்று சிலிண்டர்களை வைக்கச் சில இடங்களில் தீயணைப்பு விதிகளும் வீட்டுக் காப்பீட்டு நிபந்தனைகளும் உண்டு. அடுக்ககத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஜ் காட்டும் எண்

புதிதாக டைவிங் பழகியவர்களைக் குளிர்காலத்தில் அதிகம் குழப்புவது பிரஷர் கேஜ்தான். நேற்று 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிரப்பி வெளியே வைத்தோம், இன்று காலை 180 காட்டுகிறது, வால்வு கசிகிறது போல என்று பதறுவார்கள். பெரும்பாலும் எதுவும் கசிந்திருக்காது.

மூடிய பாத்திரத்தில் காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். கணக்குப் போடும்போது செல்சியஸோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 20 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர் 0 டிகிரியில் 186 பார் அளவில் காட்டும். மைனஸ் 10-ல் 179, மைனஸ் 20-ல் 173 பக்கம். நிறைந்த சிலிண்டருக்கு ஒரு டிகிரிக்கு முக்கால் பாருக்குச் சற்றுக் குறைவு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெயில் ஏறினால் இறங்கியதெல்லாம் திரும்பி ஏறிவிடும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதன் மேல் காற்றை நிரப்புவதுதான் இதில் உண்மையான ஆபத்து. மைனஸ் 10-ல் குளிர்ந்து கிடக்கும் சிலிண்டரைச் சரியாக 232 பார் வரை நிரப்பி, 20 டிகிரி உள்ள அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் அது 258 பார் அளவுக்குப் போகும். சிலிண்டரில் பொறித்திருக்கும் வேலை அழுத்தம் (நிரப்பக்கூடிய உச்ச அளவு), ஐரோப்பிய முறையில் 15 டிகிரிக்கும், அமெரிக்க முறையில் 21 டிகிரிக்கும் கணக்கிட்டது. குளிரில் நிரப்பும்போது அந்த எண்ணைத் தொடக்கூடாது, அதற்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். நிரப்பித் தரும் இடத்தில், இது இரவெல்லாம் வெளியே நின்றது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரு துண்டு டேப்பில் அழுத்தத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் சேர்த்து எழுதிச் சிலிண்டரில் ஒட்டிவிடுவது என் பழக்கம். "30 பார், 12 டிகிரி, நவம்பர்" என்று எழுதியிருந்தால் ஜனவரியில் 27 காட்டும்போது தூக்கம் கெடாது.

நிறைத்து வைப்பதா, குறைத்து வைப்பதா

டைவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்விக்கு ஐந்து பதில் வரும். என் பதில் இது: இரண்டு மூன்று வாரத்துக்குள் மறுபடியும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் நிறைந்தபடியே இருக்கட்டும். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் 20 முதல் 30 பார் வரை விட்டுவிட்டு மீதியை வெளியேற்றுங்கள். முழுக்கக் காலி செய்யவே கூடாது. பாதி நிறைந்தபடியும் விடாதீர்கள்.

முழுக்கக் காலி ஏன் கூடாது? வால்வு திறந்தோ சரியாக மூடாமலோ இருக்கும் காலிச் சிலிண்டர் மூச்சுவிட ஆரம்பிக்கும். பகலில் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று கொஞ்சம் வெளியே போகும். இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வரும், அதோடு ஈரமும் வரும். தினமும் ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை இரவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டைவிங் காற்று கம்ப்ரசரில் நன்றாக உலர்த்தப்பட்ட காற்று. 20 பார் அழுத்தம் உள்ளே இருக்கும்வரை வெளி ஈரம் எந்தச் சந்திலும் எதிர்த்து நுழைய முடியாது.

நிறைந்தபடி ஏன் வேண்டாம்? உள்ளே ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதுதான் காரணம். குறிப்பாக எஃகில். 200 பாரில் உள்ளிருக்கும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 42 பார், நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதுபோல் 200 மடங்கு. அதில் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். துரு பிடிப்பது என்றால் இரும்பு ஆக்சிஜனைத் தின்பது. பல மாதம் நின்ற துருப்பிடித்த சிலிண்டரில் காற்று இருக்கும், கேஜ் அழுத்தம் காட்டும், ஆனால் ஆக்சிஜன் உயிர்வாழப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கலாம். மணம் இல்லை, ருசி இல்லை. சுவாசிப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. போன சீசன் காற்றில் இறங்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பாதி அளவு ஏன் வேண்டாம் என்பது தீயின் கணக்கு. வட அமெரிக்க முறை வால்வுகளில் பர்ஸ்ட் டிஸ்க் என்ற மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அழுத்தம் அளவு மீறினால் அது கிழிந்து காற்றை வெளியே விடும். 80 கன அடி அலுமினியம் சிலிண்டரின் வேலை அழுத்தம் 207 பார், சோதனை அழுத்தம் 345 பார். தகடு 345 பாருக்குள் கிழியவேண்டும். நிறைந்த சிலிண்டர் தீயில் மாட்டினால் 214 டிகிரி அளவில் அந்த அழுத்தம் வந்துவிடும், தகடு கிழிந்து காற்று வெளியேறிவிடும். 100 பார் உள்ள சிலிண்டரில் அதே அழுத்தம் வரவேண்டுமானால் 730 டிகிரி வேண்டும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே பலம் இழந்துவிடும். தகடு சும்மா இருக்க, சிலிண்டரே கிழியும். 20 பாரிலும் தகடு கிழியாதுதான், ஆனால் உள்ளே அடைந்திருக்கும் சக்தி மிகவும் குறைவு. ஐரோப்பிய வால்வுகள் பலவற்றில் இந்தத் தகடே கிடையாது. அவர்களுக்குக் குறைத்து வைப்பதற்கு இன்னும் ஒரு காரணம் ஆயிற்று.

பழைய அலுமினியம் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 6351 என்ற கலவையில் செய்த சிலிண்டர்களில், அழுத்தம் தொடர்ந்து இருப்பதாலேயே கழுத்துப் பகுதியில் மெல்ல விரிசல் வளரும் குறை தெரியவந்தது. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988-ல் 6061 கலவைக்கு மாறியது. அதற்கு முந்தைய சிலிண்டர் கையில் இருந்தால் அதை நிறைத்து நிறுத்திவைக்க வேண்டாம். தகுதியான பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நானாக இருந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுவேன்.

காற்றை வெளியேற்றுவதும் ஒரு வேலைதான். திறந்த வெளியில், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, சிலிண்டரை ஏதாவது ஒன்றோடு கட்டிவிட்டு, வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். சீறும் சத்தம் ஊதலாக மாறாமல் ஒரே பெருமூச்சாக வரவேண்டும். வேகமாகத் திறந்தால் வால்வு சில்லிட்டு வெள்ளைப் பனி பூக்கும், அந்தப் பனி உருகித் துளைக்குள் ஈரமாகும். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். காற்று வரும் துளைக்கு நேரே கையோ முகமோ வேண்டாம்.

கழுவி, உலர்த்தி

வால்வை இறுக மூடிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் அடியுறையைக் கழற்றாமல் கழுவினால் கழுவாததற்குச் சமம். அடியுறைக்கும் உலோகத்துக்கும் நடுவில் கடல் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும். முதல் வருடம் என் அலுமினியம் சிலிண்டரின் அடியுறையை நான் கழற்றவே இல்லை. அடுத்த வருடம் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைப் பொடி, விரலால் தேய்த்தால் அதன் அடியில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். பரிசோதகர் அதை டார்ச் அடித்து அளந்து பார்த்து, இன்னும் தாங்கும் என்று சொல்லும்வரை வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. வெளியே வலை உறை போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். கைப்பிடியும் அப்படித்தான். குளிர்காலத்துக்கு அம்மணச் சிலிண்டரே நல்லது.

எஃகு சிலிண்டரில் பெயின்ட் உரிந்த இடம் இருந்தால் ஈரம் அங்கேதான் முதலில் கடிக்கும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றில் காயும் பெயின்ட்டை மெல்லப் பூசலாம். சூட்டில் காயவைக்கும் பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். 177 டிகிரிக்கு மேல் சூடேறிய அலுமினியம் சிலிண்டரை அமெரிக்க விதிப்படி கழித்துக்கட்ட வேண்டும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே உலோகத்தின் பலம் போயிருக்கும்.

வால்வுத் துளைதான் உறைபனியில் முக்கியம். தண்ணீர் துடைத்த பிறகும் துளையில் ஒன்றிரண்டு சொட்டு நிற்கும். முகத்தை விலக்கிக்கொண்டு ஒரு நொடி வால்வைத் திறந்து மூடினால் ஊதித் தள்ளிவிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டமான இடத்தில் காயட்டும். அது முடிந்தபின் துளைக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மழைத்துளியும் தூசியும் மட்டும் இல்லை, குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் சிலந்திக்கும் அந்தத் துளை நல்ல வீடு. காற்றுப் புகாதபடி திருகி இறுக்கும் மூடி வேண்டாம். வால்வு மெல்லக் கசிந்தால் அழுத்தம் அதன் பின்னால் தேங்கி நின்று, திறக்கிறவர் கையில் தெறிக்கும்.

வால்வைக் கையால் மூடும் அளவுக்கு மூடினால் போதும். குளிரில் கசியுமோ என்று இன்னும் ஒரு திருகு திருகுவோம். வால்வுக்குள் காற்றை அடைக்கும் மென்மையான அடைப்பு அப்படித்தான் நசுங்குகிறது. கசிவு சோதனையைக் குளிர் கடுமையாவதற்கு முன்பே செய்துவிடுங்கள்: சோப்புத் தண்ணீரை வால்வின் கழுத்திலும் துளையிலும் தடவி, குமிழ் வருகிறதா என்று இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள், பிறகு கழுவிவிடுங்கள். கழுத்தில் குமிழ் வந்தால் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) வேலை இருக்கிறது, அது கடைக்காரர் வேலை. எண்ணெயோ, துரு போக்கும் ஸ்ப்ரேயோ வால்வுப் பக்கமே வரக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் காற்று உள்ள சிலிண்டருக்கு இது இரட்டிப்பு.

நிறுத்தும் இடம்

மேலே கூரை, கீழே தரையிலிருந்து ஒரு சாண் உயரம், பக்கத்தில் காற்று. இந்த மூன்றும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். கூரையின் விளிம்புக்கு நேர் கீழே வேண்டாம். பகலில் பனி உருகி அங்கேதான் சொட்டும், திரண்ட பனி ஒருநாள் மொத்தமாகச் சரிந்து விழுவதும் அங்கேதான்.

மண்ணிலோ கான்கிரீட்டிலோ நேராக வைக்காதீர்கள். உருகிய தண்ணீர் அடியில் தேங்கி இரவில் உறைந்து, சிலிண்டரைத் தரையோடு ஒட்டிவிடும். மண் உறையும்போது மேலெழும், இளகும்போது அமிழும். நேராக நிறுத்திய சிலிண்டர் மார்ச்சில் சாய்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். மரப்பலகைத் தட்டு ஒன்று கிடைத்தால் போதும். பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், காற்றும் போகும்.

குளிர்காலத்துக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: பாதையில் பனி உருக்கத் தூவும் உப்பு. கடல் உப்பை அவ்வளவு பாடுபட்டுக் கழுவிவிட்டு, உப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே சிலிண்டரை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். கார் சக்கரம் தெறிக்கும் தூரத்திலும் வேண்டாம். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் இரண்டுக்கும் அது விஷம்.

பெட்ரோல், பெயின்ட், சமையல் எரிவாயு, பேட்டரி, புல்வெட்டும் இயந்திரம், விறகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஹீட்டர் வெளியேற்றும் சூட்டுக் குழாய், புகைபோக்கி, ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம். குளிராமல் இருக்கட்டும் என்று சிலர் கொட்டகைக்குள் ஹீட்டர் ஒன்றை ஓடவிடுவதுண்டு. சிலிண்டருக்கு அது தேவையே இல்லை. சூடும் குளிரும் மாறி மாறி வருவதுதான் பனித்துளியை உண்டாக்குகிறது. ஒரே சீராகக் குளிராக இருப்பது நல்லது.

நிறுத்துவதா, படுக்கவைப்பதா

நிறுத்துங்கள். உள்ளே நமக்குத் தெரியாமல் ஈரம் இருந்தால், நிற்கும் சிலிண்டரில் அது அடியில் போய்ச் சேரும். அடிப்பகுதிதான் தடிமனான பகுதி. படுக்கவைத்தால் அது மெல்லிய பக்கச்சுவரில் நீளக் கோடாகக் கிடந்து அரிக்கும்.

நிற்பது விழும். காலியான 80 கன அடி அலுமினியம் சிலிண்டரே 14 கிலோ இருக்கும். நிறைந்த 12 லிட்டர் சிலிண்டர் என்றால் காற்றின் எடை மட்டுமே கிட்டத்தட்ட 3 கிலோ. அது விழுந்து வால்வு ஒரு கல்லில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. சுவரில் ஒரு கொக்கி அடித்து, உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பெல்ட்டால் கட்டுங்கள். சங்கிலி என்றால் அதற்கு மேல் பழைய ரப்பர் குழாயைக் கீறி மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடி ஆடிப் பெயின்ட்டைச் சுரண்டும். ஒரு சிலிண்டருக்கு ஒரு கட்டு. மூன்றையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டினால் ஒன்றை எடுக்கும்போது மற்ற இரண்டும் தளர்ந்துவிடும். திருட்டுப் பயம் இருந்தால் சங்கிலியும் பூட்டும் கூடுதலாகப் போடலாம்.

கட்ட வழியே இல்லை என்றால் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் உருளாதபடி முட்டுக்கட்டை வையுங்கள். வால்வு தரையில் உரசக்கூடாது. இரட்டைச் சிலிண்டர் செட்டாக இருந்தால் அதன் தாங்கியோடு நிறுத்திக் கட்டினால் போதும்.

மூடுவது

நல்ல எண்ணத்தோடு செய்யும் தப்பு இங்கேதான் அதிகம். பிளாஸ்டிக் பையில் போட்டு, கழுத்தில் டேப் சுற்றி, ஈரம் நுழையாது என்று நிம்மதியாக இருப்பார்கள். உள்ளிருக்கும் கொஞ்ச ஈரம் தினமும் ஆவியாகி, தினமும் குளிர்ந்து, சிலிண்டரின் மேல் வியர்த்துக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் போடுங்கள், ஆனால் குடைபோல: மேலேயும் காற்றடிக்கும் பக்கமும் மூடியிருக்க, அடியில் ஒரு முழம் திறந்திருக்கட்டும். தார்ப்பாய் சிலிண்டரைத் தொடாமல் ஒரு சட்டத்தின் மேல் கிடந்தால் இன்னும் நல்லது.

காற்றுப் புகாத பெட்டிக்குள் வைப்பதில் இன்னொரு சிக்கல் நைட்ராக்ஸ். மெல்லக் கசிந்தால் பெட்டிக்குள் ஆக்சிஜன் கூடும், அங்கே ஒரு பொறி பட்டால் சாதாரணத் துணியும் பற்றி எரியும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் மேலேயும் கீழேயும் காற்றுத் துளை இருக்கட்டும். நைட்ராக்ஸ் நாள்பட நின்றால் ஆக்சிஜன் அடியில் தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒருமுறை கலந்துவிட்ட வாயுக்கள் சும்மா நிற்பதால் பிரிவதில்லை. என்ன கலவை, எவ்வளவு சதவீதம் என்று ஒட்டிய சீட்டு மழையில் கரைந்துபோவதுதான் நிஜமான பிரச்சினை. பென்சிலால் எழுதுங்கள், மை ஓடிவிடும்.

கொட்டகைக்குள் வைத்திருந்தால் கதவில், உள்ளே அழுத்தக் காற்று சிலிண்டர் இருக்கிறது என்று ஒரு பலகை மாட்டிவிடுங்கள். தீ என்று வந்தால் முதலில் உள்ளே நுழைபவர் தீயணைப்பு வீரர், அவருக்கு இது தெரியவேண்டும்.

நடுவில் ஒருமுறை

மாதத்துக்கு ஒருமுறை, புயலோ கடும் பனியோ அடித்தபின் ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டு தளர்ந்திருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா, மூடி இருக்கிறதா. அவ்வளவு போதும். அழுத்தம் பார்க்க ரெகுலேட்டரைக் கொண்டுபோய் மாட்டவேண்டாம், வால்வில் நேராக மாட்டிப் பார்க்கும் சின்ன கேஜ் கிடைக்கிறது. டேப்பில் எழுதிய வெப்பநிலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டபின்னும் எண் இறங்கியிருந்தால்தான் கசிவு.

அடி தரையோடு உறைந்திருந்தால் சுத்தியல், காலால் உதைப்பது எல்லாம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினால் விட்டுவிடும். வால்வுப் பிடி திரும்பவில்லை என்றாலும் அதே பொறுமைதான்: சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து சில மணி நேரம் விடுங்கள், அல்லது வால்வின் மேல் வெதுவெதுப்பான துணியைச் சுற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர், ஹீட் கன், நெருப்பு எதுவும் கூடாது. குறடு போட்டுத் திருப்பினால் தண்டு முறியும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். வால்வின் அடியில் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. துருவும் குப்பையும் வால்வுக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே தண்ணீர் இருந்து அந்தக் குழாயில் உறைந்துவிட்டால், வால்வைத் திறந்தாலும் காற்று வராது. பார்ப்பவருக்குச் சிலிண்டர் காலி என்று தோன்றும். சரி, கழற்றிச் சுத்தம் செய்துவிடுவோம் என்று வால்வைத் திருகி எடுக்கப் போனால், அடைபட்டு நின்ற அழுத்தம் முழுவதும் அந்த வால்வைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். காற்று வராத சிலிண்டர் காலிச் சிலிண்டர் என்று எந்த நாளும் முடிவு கட்டாதீர்கள். அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்து மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அதை அப்படியே, நடந்ததைச் சொல்லி, பரிசோதகரிடம் கொடுங்கள். வால்வைக் கழற்றுவது எந்தக் காலத்திலும் நம் வேலை இல்லை.

மறுபடி உள்ளே எடுக்கும் நாள்

உள்ளே கொண்டுவந்தவுடன் சிலிண்டர் முழுக்க வியர்க்கும், குளிர்ந்த சொம்பில் நீர் பூப்பதுபோல. அந்த நேரத்தில் மூடியைக் கழற்றவோ வால்வைத் திறக்கவோ வேண்டாம், அந்த வியர்வை துளைக்குள் இறங்கும். ஒரு இரவு விட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.

காதுக்கு அருகில் வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே எதுவும் சலசலக்கக்கூடாது. தண்ணீரின் சத்தம் ஒரு மாதிரி, துருத்துகள் மணல்போல் உருளும் சத்தம் இன்னொரு மாதிரி. ஒருமுறை கேட்டால் மறக்காது. அடுத்து, சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, வால்வுத் துளைக்கு நேரே ஒரு வெள்ளைத் துணியை வைத்து, வால்வை மிக மிகக் கொஞ்சமாகத் திறங்கள். தனியாகச் செய்யவேண்டாம், ஒருவர் பிடிக்க ஒருவர் திறக்கட்டும். துணி காய்ந்தும் வெள்ளையாகவும் இருந்தால் நல்லது. ஈரம் பட்டாலோ செந்நிறக் கறை விழுந்தாலோ சிலிண்டர் நேராகப் பரிசோதகரிடம் போகவேண்டும். வருகிற காற்றைக் கையால் விசிறி மோந்து பாருங்கள். இரும்பு வாடையோ புழுங்கிய வாடையோ இருந்தாலும் அதே வழிதான்.

சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் தேதியையும் இப்போதே படித்துவிடுங்கள். அமெரிக்காவில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) 5 வருடத்துக்கு ஒருமுறை, உள்ளே பார்க்கும் சோதனை டைவிங் வழக்கப்படி வருடம் ஒருமுறை. பிரிட்டனில் ஹைட்ரோ டெஸ்ட் 5 வருடத்துக்கும், உள்நோக்கு சோதனை இரண்டரை வருடத்துக்கும். குளிர்காலத்தில் தேதி காலாவதியாகி, முதல் டைவுக்கு முந்தின நாள் மாலையில் அது தெரியவருவது நடக்கிற கதைதான். சீசன் தொடங்கும்போது எல்லோரும் ஒரே வாரத்தில் சோதனைக்குக் கொண்டுவருவார்கள், வரிசை நீளும். குளிர்காலத்திலேயே கொடுத்துவிட்டால் அந்தச் சிலிண்டர் வெளியே நிற்கும் நாளும் குறையும்.

எல்லாம் சரியென்றால் மிச்சமிருக்கும் 20 பாரையும் மெல்ல வெளியேற்றி, புதுக் காற்று நிரப்பச் சொல்லுங்கள். பழைய காற்றுக்கு மேலேயே நிரப்பிவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம், அந்தக் காற்றை வைத்து எதையும் மிச்சம்பிடிக்கப் போவதில்லை. நிரப்பி வந்தபின் அடியுறையை மாட்டுங்கள், ஓ-ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள். குளிரில் கிடந்த பழைய ஓ-ரிங்கில் நகம் பட்டாலே வெடிப்புத் தெரியும். அப்படி இருந்தால் புதிது போட்டுவிட்டு ரெகுலேட்டரை மாட்டுங்கள்.